அப்பன் இருக்க எடுத்த மீசை

நாடகமணி பொன்னுரங்கம் காலமான செய்தி திருத்தணிக்கு வந்த பிறகுதான், அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எங்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. மளிகைக் கடை வரதராஜன் வீட்டில் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாராம். ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டுகிறவனிடம், உன் குதிரைக்குத் தாளம் தெரிகிறதே என்றாராம். பூக்கட்டுகிற பெண்களில் பாதிப் பேரைத் தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறார். போன ஆடிக் கிருத்திகைக்கு அவர் இங்கே மேடை ஏறியபோது கொட்டகையில் பாதி காலியாகக் கிடந்தது. அன்றைக்கு இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எழவு விழுந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது.

எழுபது வயதைத் தாண்டியும் முருகன் வேஷம் கட்டியவர் அவர். பொக்கைவாய் முருகன் என்று முன் வரிசையில் சிரிப்பார்கள். அவர் பாட ஆரம்பித்தால் அந்தச் சிரிப்பு தானாக அடங்கிவிடும். கிழவிகள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது பொய்யில்லை. அவர் போனதில் ஊருக்கு உண்மையாகவே வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எங்கள் ஊருக்குத் தெரியாது, தெருவில் இறக்கிப் பார்த்தால்தான் திருப்தி.

யுத்தம் முடிந்த வருஷம் அது. சாயங்கால ரயிலில் வந்தவர்கள் செய்தியைச் சொன்னார்கள். மதராஸில் அன்றைக்கே தகனம் ஆகிவிட்டது என்றும் சொன்னார்கள். அதெப்படி விடுவது? முருகன் ஊரில் முருகனாக நின்றவருக்கு இங்கே ஒரு சாவு எடுக்க வேண்டாமா என்றார் வரதராஜன். அவர் நாடக சபாவின் தலைவர். ராத்திரிக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. பாடை கட்டி, அதில் பொன்னுரங்கம் படத்தை வைத்து, பறையோடு ஊர்வலம் போவது. நந்தியாற்றங்கரையில் படத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு பாடையை எரிப்பது. கண்ணாடி போட்ட படம் அல்லவா.

கொள்ளிச்சட்டி யார் தூக்குவது என்பதுதான் பாக்கி. பொன்னுரங்கத்துக்கு ஆண் பிள்ளை இல்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் துளசிங்கத்தைப் பார்த்தார்கள்.

துளசிங்கம் மலையடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தான். பொதட்டூர்பேட்டை நெசவுக்காரக் குடும்பம். தறிக் குழியில் கால் விட்டு உட்கார மாட்டேன் என்று இங்கே வந்து, இங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு தங்கிவிட்டவன். பொன்னுரங்கம் எப்போது வந்தாலும் அவர் பெட்டியைத் தூக்குவது, சோடா உடைத்துக் கொடுப்பது, அரிதாரம் கலைக்க எண்ணெய் எடுத்து வருவது எல்லாம் அவன்தான். ஒருநாள் அவர் அவன் தலையில் கை வைத்து, "நீ எனக்குப் பிள்ளை மாதிரிடா" என்று சொல்லிவிட்டார். கனகம்மாசத்திரத்தில் சோடா உடைத்தவனிடமும், திருவாலங்காட்டில் பெட்டி தூக்கியவனிடமும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். துளசிங்கத்துக்குத் தோன்றவில்லை. 'மாதிரி'யை எங்கேயோ வழியில் விட்டுவிட்டுப் 'பிள்ளை'யை மட்டும் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை சரவணப் பொய்கைக் கரையில் அவனை உட்காரவைத்து மொட்டை அடித்தார்கள். ஊரே சுற்றி நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் மொட்டைத் தலை ஒரு அதிசயமே இல்லை. ரயிலடியிலிருந்து மலைப்படி வரைக்கும் சந்தனம் பூசிய மண்டைகள்தான். வேண்டுதலுக்கு எடுத்ததா, எழவுக்கு எடுத்ததா என்று கண்டுபிடிக்க மீசையைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்கள் முருகனுக்குத் தலை முடியைத்தான் கொடுப்பார்கள். மீசையோ, பெற்ற தாய் தகப்பனுக்கு. அப்பனோ ஆத்தாளோ போனால்தான் அதில் கத்தி படும். தலையும் மொட்டை, உதட்டின் மேலும் ஒன்றுமில்லை என்றால், வழியில் போகிறவன்கூட நின்று துக்கம் விசாரித்துவிட்டுத்தான் போவான்.

நாவிதன் வேடியப்பன் தலையை வழித்து முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தான்.

"ஆச்சுங்க. எழுந்து முழுகுங்க" என்றான்.

"மீசை?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"இவுரு நைனா கீறாருங்க. பொதட்டூர்பேட்டையில நல்லா தறி நெஞ்சிகினு கீறாரு. நான் கை வெக்க மாட்டேன்."

கூட்டம் கொஞ்சம் சுணங்கியது. வரதராஜன் தாடையைச் சொறிந்தார். "மீசைய வெச்சிகினு சட்டி தூக்கினா நாடகமாட்டம் இருக்குமேப்பா" என்றார். நாடகமணிக்கு எடுக்கிற சாவு நாடகமாகத் தெரிந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை.

எல்லாரும் தன்னையே பார்ப்பது துளசிங்கத்துக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் தன் கையில் என்பதும் தெரிந்தது. ஈரத் தலையோடு சட்டென்று எழுந்து நின்றான்.

"என்னைப் பெத்தவரு அவருதான்யா! எடு மீசைய!"

அழுகையும் கைத்தட்டலும் ஒன்றாகக் கிளம்பின. எழவில் கைத்தட்டலாம் என்பதை அன்றுதான் நான் பார்த்தேன். பூக்காரப் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். துளசிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சும்மா சொல்லக் கூடாது, எங்களுக்கும்தான். வேடியப்பன் மட்டும், "சொன்னது நீங்க, நான் இல்ல. முருகா, நீயே சாட்சி" என்று முணுமுணுத்துக்கொண்டு கத்தியை எடுத்தான்.

அந்த நேரத்தில் துளசிங்கத்தின் அப்பா கண்ணையன் எங்கே நின்றிருந்தார் என்பதுதான் பிற்பாடு அவனைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி. ஏனென்றால் அவர் அப்போது ஊரில்தான் இருந்தார்.

சாயங்காலம் வந்த செய்தியை அன்றைய கடைசி பஸ் பொதட்டூர்பேட்டைக்குக் கொண்டுபோயிருந்தது. கண்ணையன் காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அது கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். வயதானவர், இழுப்பு வேறு. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவருடைய தம்பி மகன் பரந்தாமன், "இந்த ஒடம்ப வெச்சிகினு இன்னா அவசரம் பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறான்.

"அவன் அந்த மனுஷன் மேல உயிரா இருப்பான்டா. சோறு தண்ணி இல்லாம உக்காந்துகினு இருப்பான். ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்றாராம்.

மகனுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் அவர். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கூசுகிறது.

மத்தியானம் ஊர்வலம் கிளம்பியது. துளசிங்கம் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பின்னால் பாடை. போட்ட மாலைகளில் படம் மூழ்கிவிட்டது, உள்ளே இருப்பது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. கடைத்தெரு முனையில் பொதட்டூர்பேட்டைக்குத் திரும்புகிற பஸ் வழி கிடைக்காமல் நின்றது. அதில் நூல் சிப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பரந்தாமன் உட்கார்ந்திருந்தான்.

அவன் முதலில் பறையைக் கேட்டான். பிறகு சட்டியைப் பார்த்தான். பிறகு சட்டி தூக்கியவனின் முகத்தைப் பார்த்தான். மொட்டை, மீசையும் இல்லை. துளசிங்கத்தின் அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. காலையில் தன் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிய பெரியப்பாவை நினைத்தான். அந்த நாடகக்காரரை மதராஸிலேயே எரித்தாயிற்று என்றுதானே கேள்வி. இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்? "அய்யோ பெரியப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். இறங்கப் பார்த்தான், கூட்டம் கதவைத் திறக்கவிடவில்லை. அதற்குள் வழி கிடைத்து வண்டி நகர்ந்துவிட்டது. சரி, ஊருக்குப் போய்ச் சொல்லவாவது ஒரு ஆள் வேண்டுமே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே போனான்.

ஆற்றங்கரைக் காரியம் முடிந்து, முழுகி, ஈரத் துணியோடு துளசிங்கம் வீடு திரும்பினான். வாசலிலேயே அவன் மனைவி ஜெயம்மாள் மறித்தாள். அவன் உதட்டைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"மாமா வந்துகீறாரு" என்றாள்.

"எப்போ?"

"காலைல பஸ்ஸுல. நீங்க கொளத்தாண்ட கீறீங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். போன சுருக்குல திரும்பி வந்துட்டாரு. இன்னா மாமா, பாக்கலியான்னேன். அவன் வேலையா கீறாம்மான்னாரு. அப்ப உக்காந்தவருதான்."

துளசிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயோடு சேர்த்துப் பொத்திக்கொண்டான். பல் வலிக்காரனைப்போல அப்படியே உள்ளே போனான். எவ்வளவு நேரம் பொத்த முடியும்?

கண்ணையன் சுவரோரமாக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தார். அதற்குக் கீழே பார்வையை இறக்கவே இல்லை.

"வாப்பா. தலைய நல்லா தொடச்சிக்க. சளி புடிச்சிக்கும்."

"நைனா... கொளத்தாண்ட வந்தீங்களாமே."

"ஆங், வந்தேன். ஒரே கூட்டம்."

"கிட்டக்க வந்தீங்களா?"

"எனக்கு எங்கடா கண்ணு தெரியுது" என்றார் அவர்.

கண்ணைப் பற்றி அவன் கேட்கவில்லை. காதைப் பற்றிக் கேட்கத்தான் வந்தான். நான் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா நைனா என்ற ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. விழுந்தது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அதை விழுங்கிவிட்டான். மீசையைக்கூட எப்படியாவது சமாதானம் சொல்லிவிடலாம். ஊர் வற்புறுத்தியது, பெரியவருக்கு மரியாதை, இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். அந்த வார்த்தைக்கு என்ன சமாதானம்? அது மட்டும் அவர் காதில் விழாமல் இருக்கட்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டான். காலையில் மலையைப் பார்த்தபடி நின்றுதான் அதைக் கத்தியிருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருக்கோடியில் ஒரு கூச்சல் கேட்டது. பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் கூட்டம், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தது. முன்னால் வந்தவள் கண்ணையனின் தங்கை எல்லம்மாள். பின்னால் பரந்தாமன், கையில் கோடித் துணி. நூலைக்கூட அளந்து கொடுத்த கண்ட்ரோல் காலத்தில் யார் தறியிலிருந்து அறுத்து வந்தானோ.

"என்ன ஆதரிச்ச அண்ணாவே, எனக்குத் தாய்வூட்டு வாசல அடச்சிட்டுப் போனியே! பண்டிகைக்குப் பண்டிகை பொடவ எடுத்த கைய, நான் பாக்கறதுக்குள்ள எரிச்சிட்டாங்களே!"

பாடிக்கொண்டே வாசல்படி ஏறியவள் உள்ளே பார்த்தாள். எரித்த கை மோர்ச் சொம்பைப் பிடித்திருந்தது.

யாரோ ஒரு பெண் வீல் என்று கத்தினாள். இன்னொருத்தி சிரித்துவிட்டாள், பயத்தில் வருகிற சிரிப்பு. எல்லம்மாள் வாயைத் திறந்தபடியே நின்றாள். கண்ணையன் சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏன் நிறுத்திட்ட எல்லம்மா? நல்லாத்தான் இருந்துச்சி. பொடவையப் பத்தி இன்னாவோ சொன்னியே, அத இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

எல்லம்மாள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை நிஜமாகவே அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கியபோதுதான் மூலையில் நின்ற துளசிங்கம் அவள் கண்ணில் பட்டான். எழுந்து போய் அவன் துண்டைப் பிடுங்கினாள்.

வந்தவர்கள் எல்லாரும் அவன் உதட்டைப் பார்த்தார்கள்.

"உயிரோட கீற அப்பனுக்கு மீசைய எடுத்தியாடா? எவன்டா அந்தக் கூத்தாடி ஒனக்கு? அவன் ஒனக்குத் தறியில துணி நெஞ்சு போட்டானா, தோள்ல தூக்கினு சுத்தினானா? ஒன் கண்ணுக்கு எங்கண்ணன் செத்துட்டாரா?"

துளசிங்கம் நின்ற இடத்தில் நின்றான். காலையில் ஊரையே அழவைத்த வாய் அது. இப்போது அதை மறைக்கத் துண்டுகூட இல்லை. வெளியில் அக்கம்பக்கத்து ஜனம் கூடிவிட்டது. வரதராஜன்கூட நின்றிருந்தார், அவரும் தரையைத்தான் பார்த்தார்.

"அவன ஏன் திட்டற?" என்றார் கண்ணையன். "நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நீயா?"

"ஆங். காலைல கொளத்தாண்ட வந்து நின்னு கேட்டான். பெரிய மனுஷன், புள்ள இல்லாதவரு, போய்ப் பண்ணுடா, மீசை போனா மொளச்சிக்கும்னு நான்தான் சொன்னேன். வுடு."

குரல் கொஞ்சங்கூட ஆடவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்பது அந்த வாசலில் நின்ற எங்கள் எல்லாருக்கும் தெரியும். குளக்கரையில் நாங்கள் இருந்தோமே. மகன் மானத்தைக் காப்பாற்ற வயசான மனிதர் கூட்டத்தின் முன்னால் பொய் சொல்கிறார், நாங்கள் ஆமாம் என்பதுபோல நின்றோம். ஒருவர் பின் ஒருவராக நழுவினோம். காலையில் கைத்தட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த உறவுக்காரர்களுக்கு ஜெயம்மாள் சோறு வடித்துப் போட்டாள். எழவு வீட்டுக்கென்று வந்தவர்கள் விருந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். எல்லம்மாள் மட்டும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் எல்லாரும் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். பெண்கள் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கண்ணையன் மூச்சு வாங்கிக்கொள்ளக் கீழேயே நின்றார், பக்கத்தில் துளசிங்கம். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல நினைத்தான். எந்த முகத்தோடு சொல்வது?

முந்தின ராத்திரி ரயிலில் இறங்கி, இருட்டோடு மலைக்குப் போய்வந்த குடும்பம் ஒன்று அங்கே நின்றிருந்தது. ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்கள். குடும்பத் தலைவர் புதிதாக மொட்டை போட்டிருந்தார், சந்தனம் காயவில்லை. மீசை கறுகறுவென்று அப்படியே இருந்தது. துளசிங்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்பாங்களா, அம்மாங்களா?"

துளசிங்கம் வாயைத் திறந்தான். அப்பாவின் பக்கம் திரும்பினான். சொல்லிவிட வேண்டும், இவர்தான் என் நைனா, நல்லபடியாக இருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பிறகு இந்த உதட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்ல வேண்டும்.

"அப்பாதாங்க" என்றார் கண்ணையன்.

"அடடா. வயசானவருங்களா?"

"ஆங், வயசானவருதான். நேத்து காலைல. அவரே பெத்த புள்ள இது." அவர் குரலில் கோபமே இல்லை. நேற்றுக் காலை குளக்கரையில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார், அவ்வளவுதான்.

"நீங்க இவருக்கு இன்னா வேணுங்க?"

"நானா?" கண்ணையன் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வைத்தார். "தெரிஞ்சவங்கதான். துக்கம் கேக்க வந்தேன்."

கண்டக்டர் விசில் ஊதினான். கரிப்புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. துளசிங்கத்துக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "நைனா! நைனா!" என்று கத்திக்கொண்டு பத்தடி ஓடினான். ஜன்னலில் எல்லம்மாள் முகம் தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை. இருமிக்கொண்டே நின்றுவிட்டான். கூடவே ஓடிவந்த ஆற்காட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருதாங்க என் நைனா! இப்ப ஏறிப் போறாரே, அவருதாங்க!" என்று துளசிங்கம் தேம்பினான்.

அந்த மனிதர் அவன் மொட்டையையும் உதட்டையும் ஒருமுறை பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"அப்படித்தாங்க இருக்கும்" என்றார். "எங்கப்பா போனப்ப எனக்கும் ரொம்ப நாளைக்கு, பாக்கற கெழவருங்க எல்லாம் அவராட்டந்தான் தெரிஞ்சாங்க. மனச தேத்திக்கோங்க."